ரயில் கோடு வரைகிற பையனுக்கு எந்தப் பள்ளி?

கேள்வி:

எங்களுக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரே பையன், பத்து வயது. இங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் ஆறாம் வகுப்பில் தேர்ந்தெடுத்துத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். நுழைவுத் தேர்வில் இவன் தேறிவிட்டான். விரல்ரேகை எடுத்துப் பார்த்து ஐ.க்யூ. 142 என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். அதற்குத் தனியாக 4,500 ரூபாய் கட்டினோம். வேனோடு சேர்த்து வருஷத்துக்கு 1,30,000 ரூபாய் ஆகும். காலை 6.15-க்கு வேன், திரும்பி வீடு வர சாயங்காலம் 6.45.

அங்கே பிள்ளைகளைச் சேர்த்த மூன்று வீடுகளில் விசாரித்தேன். ஒருத்தர், "கண்ணை மூடிக்கிட்டுச் சேருங்க மதினி" என்றார். இன்னொருத்தர், "நாங்க பட்டது போதும்" என்றார். அவர்கள் பாதி வருஷத்தில் பையனை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் பையன் பத்தாம் வகுப்பு. "ஸ்கூல் நல்ல ஸ்கூல்தான், மேத்ஸுக்கும் சயின்ஸுக்கும் மட்டும் தனியா டியூஷன் வச்சிருக்கோம்" என்றார்கள். யார் சொல்வதை நம்புவது? பையனின் பெரியப்பா, "படிக்கிற பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்துல போட்டு வீணாக்காதீங்க" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 கட்டினால்தான் சீட்டு.

பையனுக்கு ரயில் என்றால் உயிர். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செங்கோட்டை – திருநெல்வேலி ரயில்களை எல்லாம் கோடு கோடாக வரைந்து, எந்த வண்டி எதிரே வரும் வண்டியை எந்த ஸ்டேஷனில் தாண்டும், அதாவது கிராசிங் எங்கே என்று சொல்லிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் படிக்கலாமே என்று அவன் அப்பா சத்தம் போடுவார். நேற்று ராத்திரி, "அந்த ஸ்கூலுக்குப் போகலன்னா நான் கெட்டிக்காரன் இல்லையாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டாம் என்று உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாகக் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரல், மே மாதமும் இதே கேள்வியோடு பெற்றோர் வருகிறார்கள். அவர்களில் சிலர் அரையாண்டுப் பரீட்சை லீவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வருகிறார்கள். அப்போது கேள்வி வேறாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் நுழைவுத் தேர்வைப் பற்றியும் சர்டிபிகேட்டைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். ரயில் கோட்டை மட்டும் கடைசியில், ஒரு குறை சொல்வதுபோல எழுதிவிட்டீர்கள். நான் கேட்டதும் அந்தத் தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இடமிருந்து வலமாக மணி எழுதியிருக்கிறான். பக்கவாட்டில் திருநெல்வேலி, பேட்டை, சேரன்மகாதேவி என்று செங்கோட்டை வரை ஸ்டேஷன்கள். பாவூர்சத்திரம் என்று எழுத இடம் போதாமல் 'பாவூர்' என்று நிறுத்தியிருக்கிறான். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. செங்கோட்டை போகிற கோடும் அங்கிருந்து வருகிற கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறான். அதுதான் கிராசிங்.

ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக் கன்ட்ரோல் அறையிலும் இதே மாதிரிப் படத்தை வைத்துத்தான் ரயில்களை நடத்துகிறார்கள். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் இரண்டு கோடுகள் வெட்டுகிற இடம் ஏதாவது ஒரு ஸ்டேஷனாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு வண்டியைப் பிடித்து நிறுத்தி வைக்க வேண்டும். இது ஒன்று. இன்னொன்றைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது. ஸ்டேஷன்களுக்கு நடுவில் அவன் விட்டிருக்கிற இடைவெளி ஒரே அளவாக இல்லை. தூரம் கூடினால் இடைவெளியும் கூடியிருக்கிறது. யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள். அச்சு வரைந்து, அளவுத்திட்டம் போட்டு, நேரத்துக்கும் தூரத்துக்கும் கோடு வரைவது எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. பத்து வயதுப் பையன் தனக்குத் தேவைப்பட்டதால் அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறான்.

எனவே உங்கள் பையனுக்குத் திறமை இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் திறமைக்கு அந்தப் பள்ளி என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. நீங்கள் விசாரித்த மூன்று வீடுகளும் அதற்கான பதிலில் ஒவ்வொரு துண்டை வைத்திருக்கின்றன. மூவர் சொன்னதும் உண்மைதான் என்று நான் நினைக்கிறேன்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சேருங்க" என்றவரின் பையன் போன ஜூனில்தான் சேர்ந்தான் என்றீர்கள். லட்ச ரூபாய்க்கு மேல் கட்டி, சொந்தபந்தத்திடம் எல்லாம் சொல்லிச் சேர்த்த முதல் வருஷத்தில் யாருக்கும் குறை கண்ணில் படாது. பட்டாலும் வாயில் வராது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. தன் முடிவு சரியாக இருக்க வேண்டும் என்று அவர் மனசு ஆசைப்படுகிறது, அவ்வளவுதான். அவரிடம் இன்னும் ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள். புதுப் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் தள்ளுபடி கொடுக்கிற வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. இங்கே உண்டா என்று தெரிந்துகொள்வது நல்லது.

"நாங்க பட்டது போதும்" என்ற வீட்டுக்கு நீங்கள் மறுபடியும் போக வேண்டும். ஒரு வரியோடு திரும்பி வந்துவிட்டீர்கள். இந்த மூன்று வீடுகளில் உங்களுக்கு அதிகம் உதவக்கூடியவர்கள் அவர்கள்தான். எந்த மாதத்தில் பையன் மாற ஆரம்பித்தான், முதலில் தெரிந்தது சாப்பாட்டிலா தூக்கத்திலா, அதைப் பள்ளியில் யாராவது உங்களுக்கு முன்பே கவனித்தார்களா என்று கேளுங்கள். அப்புறம், நீங்கள் போய்ச் சொன்னபோது பள்ளியில் என்ன பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள். "உங்க பையனுக்குக் கெபாசிட்டி இல்லை" என்று சொல்லியிருந்தால் அதுவே ஒரு பெரிய தகவல். ஏழு மாதத்துக்கு முன்னால் அதே பையனைப் பரீட்சை வைத்துக் கெட்டிக்காரன் என்று சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தானே.

மூன்றாவது வீட்டில் சொன்னது சாதாரணமாகக் காதில் விழுந்திருக்கும். எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. கெட்டிக்காரப் பிள்ளைகளையே பொறுக்கி எடுத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்திருக்கிற பள்ளி. அதில் படிக்கிற பையனுக்குக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வெளியே டியூஷன் வேண்டியிருக்கிறது என்றால், பாடம் எங்கே நடக்கிறது? டியூஷன் எடுப்பவர் அதே பள்ளியின் ஆசிரியரா என்றும் கேளுங்கள். ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்த மாதிரிப் பள்ளிகளின் வாசலில் பிளெக்ஸ் போர்டு வைத்திருப்பார்கள். 500-க்கு 495, 493 என்று பிள்ளைகளின் படங்கள் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணக்கை மனசில் போட்டுப் பாருங்கள். எங்கே படித்தாலும் நல்ல மார்க் வாங்கக்கூடிய பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் பரீட்சை வைத்து எடுக்கிறார்கள். நடுவில் சறுக்குகிற பிள்ளைகளை ஏழிலும் எட்டிலும், சில இடங்களில் ஒன்பதிலும்கூட, "வேற ஸ்கூல் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் பத்தாம் வகுப்பில் 490 வாங்குகிறார்கள். இதில் பள்ளி சேர்த்தது எவ்வளவு, பிள்ளை கொண்டுவந்தது எவ்வளவு? அதனால் பள்ளி அலுவலகத்தில் இந்த ஒன்றைக் கேளுங்கள்: நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள்? நேரடியாக எண்ணைச் சொல்கிற பள்ளியை நம்பிப் பேசலாம். சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு பையன், ஏழாம் வகுப்பு. எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அவன்தான் ஃபர்ஸ்ட். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் சேர்ந்தான். அங்கே 40 பேரும் அவரவர் பள்ளியில் ஃபர்ஸ்ட். முதல் மாத டெஸ்டில் இவனுக்கு 31-ஆம் இடம். அந்தப் பள்ளியில் மாதா மாதம் மார்க்கை வைத்து செக்‌ஷனை மாற்றுவார்கள். இரண்டாவது மாதம் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பி செக்‌ஷனுக்குப் போனான். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பரீட்சைத் தாளை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை அவன் ஆச்சிதான் கண்டுபிடித்தாள். என் அறைக்கு வந்தபோது அவன் சொன்னது: "எனக்கு மூளை தீர்ந்துபோச்சு." பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னது இது.

அவன் மூளை எங்கும் போகவில்லை. சுற்றி இருந்தவர்கள் மாறியதால் தன்னைப் பற்றிய அவன் கணக்கு மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1984-லிருந்து இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 'சின்னக் குளத்துப் பெரிய மீன்' என்று இதற்குப் பெயர். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவன் சாதாரணப் பள்ளியிலும் இன்னொருவன் பொறுக்கி எடுக்கிற பள்ளியிலும் படித்தால், இரண்டாமவன் 'நான் படிப்பில் சுமார்தான்' என்று நினைத்துக்கொள்வது அதிகம். பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. ராங்க் போட்டு, செக்‌ஷன் மாற்றி, போர்டில் பெயர் எழுதுகிற பள்ளியில் இது இன்னும் கடுமையாக இருக்கும்.

இரண்டாவது, ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை. ஊரில் அவளோடு பேச ஆளில்லை. நட்சத்திரம், கிரகம் என்று அவள் ஆரம்பித்தால் மற்ற பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அவளும் இதே மாதிரி ஒரு பள்ளியில்தான் சேர்ந்தாள். ஒரே வருஷத்தில் ஆளே மாறிவிட்டாள். சிரித்தாள், சண்டை போட்டாள், சாப்பிட்டாள். அவளைப் போலவே வானத்தைப் பார்க்கிற இன்னொரு பிள்ளை அங்கே கிடைத்தாள். கேள்வி கேட்டால் "அது சிலபஸ்ல இல்லை" என்று சொல்லாத ஒரு அறிவியல் டீச்சரும் கிடைத்தார். பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்ததால் பள்ளிக்கு நடந்தே போனாள். அங்கே ராங்க் கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளி என்றாலே கெடுதல் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இந்தப் பிள்ளைதான். தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளை கிடைப்பது சிலருக்கு உயிர் கிடைத்த மாதிரி.

உங்கள் பையனுக்கு ஊரில் கூட்டாளிகள் இருக்கிறார்கள், சாயங்காலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கு நான்கு பேராகத்தான் போவார்கள் என்றீர்கள். அந்தப் பெண் பிள்ளையின் நிலைமை இவனுக்கு இல்லை.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். 4,500 ரூபாய் போனதை நினைத்து வருத்தப்படாதீர்கள், அந்த 142-ஐ மட்டும் மறந்துவிடுங்கள். விரல்ரேகை தாயின் வயிற்றில் ஆறாம் மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது. அதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருப்பதாக நம்பத்தக்க ஆதாரம் எதுவும் கிடையாது. உண்மையான ஐ.க்யூ. தேர்வு வேறு மாதிரி. பயிற்சி பெற்ற உளவியலாளர் பிள்ளையோடு தனியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, கட்டை அடுக்கச் சொல்லி, எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்ப்பார். வெக்ஸ்லர் தேர்வு, அதைத் தழுவி இந்தியப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய மாலின் தேர்வு போன்றவற்றைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். சராசரி 100 என்று வைத்த அளவு அது. 130-க்கு மேல் வருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். அந்தத் தேர்வுகூட, படிப்பில் ஏதாவது சிக்கல் இருந்தால்தான் தேவை. உங்கள் பையனுக்கு இப்போது தேவையில்லை. விரல்ரேகையை அறிவியல் என்று சொல்லிக் காசு வாங்குகிற பள்ளி அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுக்கும் என்பது என் கவலை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைச் சேர்க்கும்போது நுழைவுத் தேர்வு, நேர்காணல், நன்கொடை எதுவும் கூடாது. பரீட்சை வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் சொல்கிற பள்ளி எந்த வகை என்று பாருங்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை, தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009 சட்டத்தின்படி ஒரு குழு இருக்கிறது. குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு, நீங்கள் கட்டப்போவது எவ்வளவு, 25,000 எந்தக் கணக்கில் போகிறது என்று கேட்டு ரசீது வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதி வருஷத்தில் நிறுத்திய அந்த வீட்டாருக்கு டி.சி. தராமல் இழுத்தடித்தார்கள் என்று போனில் சொன்னீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, கேட்டவுடன் டி.சி. கொடுக்க வேண்டும் என்கிறது, டி.சி. வரவில்லை என்று சொல்லி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் சட்டமும் கட்டணமும் எல்லாம் சரியாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். காரணம் அந்த வேன். 6.15-க்கு ஏற வேண்டுமென்றால் 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். 6.45-க்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி முடிக்க 10 மணி. ஏழு மணி நேரத் தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் குறைந்தால் ஒரு வருஷத்தில் எவ்வளவு என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள், போட்டுவிடுவான். அதோடு, அந்த நாளில் காலண்டர் தாளை எடுத்து உட்கார இடம் எங்கே இருக்கிறது? பிளாட்பாரத்துக்குப் போக எப்போது நேரம் இருக்கும்? அந்தக் கோடுகள் சும்மா இருந்த நேரத்தில் பிறந்தவை. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்வார்கள்.

இந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் போர்ஷனை முன்னால் முடிப்பதைத்தான் தனிப் பயிற்சி என்கிறார்கள். ஏழில் எட்டாம் வகுப்புப் பாடம், எட்டில் ஒன்பதாம் வகுப்புப் பாடம். உங்கள் பையனுக்கு வேண்டியது வேறு. அவன் படத்தைப் பார்த்து, "சரி, சேரன்மகாதேவியில ஒரு வண்டி 20 நிமிஷம் லேட்டுன்னா கிராசிங் எங்க மாறும்?" என்று கேட்கிற ஒரு பெரிய மனிதர் வேண்டும். கோடு செங்குத்தாகப் போனால் வண்டி வேகமா மெதுவா, ஸ்டேஷனில் நிற்கும்போது கோடு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர் வேண்டும். அந்த ஆள் பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பலசரக்குக் கடைக் கணக்கு பார்க்கிற அவன் அப்பாவாகவே இருக்கலாம். திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு நாள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

ஊர்ப் பள்ளியில் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை கொடுத்த கணக்கைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு மற்றவர்களைச் சீண்டும். 'சேட்டைக்காரன்' என்று பெயர் வாங்கும். அதற்கு முன்பே, ஜூன் முதல் வாரத்தில், தலைமையாசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் போய்ப் பாருங்கள். காலண்டர் தாளையும் கொண்டுபோங்கள். "பையன் சீக்கிரம் முடிச்சிருவான், முடிச்சா அவனுக்குக் கொஞ்சம் கஷ்டமான கணக்கா ஒண்ணு குடுங்க சார்" என்று கேளுங்கள். தாளைப் பார்த்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள்.

ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்து, எங்கே சேர்ப்பது என்ற நிலைமை என்றால், அரசுப் பள்ளியை ஒதுக்கிவிடாதீர்கள். பெரியப்பாவுக்கும் இதைச் சொல்லலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அடுத்த வருஷம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இப்போது ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த வாசல் மூடிவிடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் பள்ளியை மெடிக்கல் சீட்டை வைத்து முடிவு செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. 'வீணாகிவிடும்' என்ற பேச்சுக்குப் பதிலாகத்தான் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். மனத்திறனுக்கு 90 மார்க், பாடத்துக்கு 90 மார்க். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த மனத்திறன் தாள் உங்கள் பையனுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசின் மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன, விடுதியோடு. அப்போது அவனுக்குப் பதிமூன்று, பதினான்கு வயது. வீட்டை விட்டுப் போவதைப் பற்றி அவனோடு உட்கார்ந்தே பேசி முடிவெடுக்கலாம். கணித ஒலிம்பியாட் என்று பள்ளிகள் விற்கிற பெரும்பாலான பரீட்சைகள் தனியார் கம்பெனிகள் நடத்துபவை. நாட்டுக்காக அணி தேர்ந்தெடுக்கிற உண்மையான ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வை எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம். எந்தப் பள்ளியில் படித்தாலும் எழுதலாம். அவசரம் இல்லை.

அதுவரை? திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, 1987-லிருந்து. ஒரு சனிக்கிழமை பாசஞ்சர் ரயிலிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஸ்டேஷனில் கிராசிங்குக்கு நிற்கிறது என்று அவன் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டே வரலாம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பத்து வயதிலிருந்தே பிள்ளைகள் ஆய்வு செய்து கொடுக்கலாம். நம் ஊர் விஷயம் ஒன்றை எடுத்து, எண்ணி, அளந்து, எழுத வேண்டும். பள்ளியில் வழிகாட்ட ஒரு ஆசிரியர் கிடைத்தால் போதும். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பார்கள். அதற்கும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். ரயிலை எண்ணுகிறவனுக்குப் பறவை பிடிக்காமல் போகலாம், போகட்டும்.

பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம். 'ஒன்பதாம் வகுப்பு வரும்போது மறுபடியும் யோசிக்கிறோம்' என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. வீடு பாளையங்கோட்டைக்கு மாறினாலோ, ஊரில் பையன் தனித்துப் போனாலோ, நான் மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரான பதில் சொல்கிற பள்ளி ஒன்று கிடைத்தாலோ என் பதிலும் மாறும்.

இனி, ராத்திரி அவன் கேட்ட கேள்வி. பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள். "நீ கெட்டிக்காரன்தான்டா" என்று கட்டிக்கொள்ளத் தோன்றும். அதையும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். 1998-இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு புதிரைப் போட்டு முடித்ததும் 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், அடுத்து எளிதான புதிரையே தேடினார்கள். கஷ்டமானது வந்ததும் சோர்ந்தார்கள். 'நல்லா முயற்சி பண்ணினே' என்று கேட்ட பிள்ளைகள் கஷ்டமானதைக் கேட்டு வாங்கினார்கள். கெட்டிக்காரன் என்ற பட்டம் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதே பிள்ளைக்கு வேலையாகிவிடுகிறது. உங்கள் பையன் கேட்ட கேள்வியிலேயே அந்தப் பயம் வந்துவிட்டது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்: "நீ அந்தப் பரீட்சையில பாஸ் பண்ணினது நிஜம். அந்த ஸ்கூல் ரொம்பத் தூரம், உனக்குத் தூங்கவும் ரயில் பாக்கவும் நேரம் இருக்காது. அதனால இப்ப வேண்டாம்னு நானும் அப்பாவும்தான் முடிவு பண்ணினோம். உன்கிட்ட ஒரு குறையும் இல்ல." இவ்வளவு போதும். பிறகு ஒரு புதுக் காலண்டர் தாளை எடுத்துக் கொடுங்கள். சேரன்மகாதேவியில் 20 நிமிஷம் லேட்டாகிற அந்தக் கணக்கைக் கேளுங்கள், அவன் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது. அவன் வரைந்து முடித்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நானும் ஒரு தாளில் போட்டு வைத்திருக்கிறேன், ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.